டிரெக் என்னும் சொல்லுக்குத் தமிழில் வலசை, ஒழுகை, வழிநடை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நெடுந்தொலைவு நடைப்பயணத்தைக் குறிக்கும் 'டிரெக்' (trek) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'மலையேற்றம்' என்ற சொல்லையே உறுதிசெய்துவிடலாம் என்று சென்ற வாரம் ஒரு நண்பர் எழுதியிருந்தார். அது வழக்கில் வேரூன்றிவிட்டது என்பதும், வழக்கூன்றிய சொல்லைக் கலைக்கக் கூடாது என்பதும் அவர் வாதம். பொதுவாக அந்தக் கொள்கை எனக்கும் உடன்பாடானதே. ஆனால் 'டிரெக்' என்ற சொல்லின் பிறப்பைப் பார்த்தால் அதில் மலையும் இல்லை, ஏற்றமும் இல்லை என்பது தெரியவரும். அதனால்தான் சற்று நீளமாக எழுத நேர்கிறது.

இது டச்சு மொழியின் 'டிரெக்கன்' என்ற வினையிலிருந்து வந்தது. அதன் முதற்பொருள் இழுத்தல். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் குடியேறிய டச்சுக்காரர்களின் பேச்சு ஆப்பிரிக்கான்ஸ் மொழியாக உருமாறியபோது, மாடுகள் வண்டியை இழுத்துச் செல்வதும், அவ்வாறு வண்டி கட்டிக்கொண்டு போகும் பயணமும் 'டிரெக்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கின. நுகங்களைக் கோத்திருக்கும் நீண்ட இழுகயிற்றின் பெயரிலும் அதே சொல் உண்டு. வண்டியோட்டி மாடுகளைக் கிளப்பக் கொடுக்கும் குரலும் அதுவே. ஒரு வண்டிக்குப் பன்னிரண்டு, பதினாறு என்று மாடுகள் பூட்டப்பட்டன. ஆங்கிலம் இந்தச் சொல்லை 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டது. ஆகவே இன்று நாம் அதில் உணரும் நெடுமையும் கடுமையும் பாரம் இழுத்த மாடுகளிடமிருந்து வந்தவை.

சொல்லை உலகறியச் செய்தது 'கிரேட் டிரெக்' எனப்படும் 1830களின் பெருநிகழ்வு. பிரித்தானியர் ஆட்சியில் 1834 டிசம்பரில் கேப் பகுதியில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும், அதற்கான இழப்பீடு இலண்டனில் போய்ப் பெறத்தக்கதாக இருந்ததும், ஆட்சிமொழி ஆங்கிலமானதும், கிழக்கெல்லைப் போர்களும், நிலத்தேவையும் சேர்ந்து, அந்த டச்சுக் குடியேறிகளின் வழிவந்த போயர் குடும்பங்களை வடக்கு நோக்கிக் கிளம்பச் செய்தன. 1835 முதல் 1840களின் தொடக்கம் வரை ஏறத்தாழ 12,000 முதல் 15,000 பேர் கேப் பகுதியைவிட்டு உள்நாட்டுக்குப் போனார்கள். அவர்களுடன் கறுப்பினப் பணியாளர்களும் போனார்கள் என்பதையும், போயர்கள் போய்ச் சேர்ந்த நிலம் ஆளற்ற நிலம் அன்று என்பதையும் அகராதிக் குறிப்பிலேயே சேர்க்க வேண்டும் என்று கருதுகிறேன். 1838 டிசம்பர் 16 அன்று இன்கோமே ஆற்றங்கரையில், வண்டிகளை வளையமாகப் பிணைத்து நிறுத்தி அதற்குள்ளிருந்து சுட்ட போயர்களின் துப்பாக்கிகளுக்கு அந்த மண்ணின் மக்களான சூலு இனத்து வீரர்கள் ஆயிரக்கணக்கில் பலியானார்கள். நூறாண்டு கழித்து, 1938இல், அந்தப் பயணத்தைக் கொண்டாடி பிரிட்டோரியாவில் நினைவுச்சின்னத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1949இல் அது திறக்கப்பட்டது. ஒருவர் காவியமாகக் கருதும் பயணம் மற்றவருக்கு நிலப்பறிப்பு. எனவே இந்த நிகழ்வை 'மாபெரும் பயணம்', 'நெடும்பயணம்' என்று பெயர்த்தால் கொண்டாடியவர்களின் குரலை நாமும் வாங்கிக்கொண்டவர்களாவோம்.

இங்கே நம்மிடம் பொருத்தமான சொல் ஒன்று இருக்கிறது: வலசை. படை வருமென்ற அச்சத்தாலோ துன்பத்தாலோ மக்கள் இருப்பிடம் விட்டு வேற்றிடம் போவதை வலசை என்று பழைய அகராதிகள் பொருள் தருகின்றன. இன்றைய வழக்கில் அது பறவைகளுக்கும் யானைகளுக்கும் விரிந்து, 'யானைகளின் வலசைப் பாதை' என்று செய்தித்தாள்கள் எழுதுமளவுக்கு உயிரோடு இருக்கிறது. டச்சு மொழியும் இதே வழியில் நடந்திருப்பதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி ஏற்பட்டது. வலசைப் பறவையை அவர்கள் 'டிரெக்ஃபோகல்' என்கிறார்கள். 'ஃபோகல்' என்றால் பறவை. பறவையின் போக்குக்கும் மக்களின் போக்குக்கும் இரண்டு மொழிகளும் ஒரே சொல்லை ஆளும்போது நாம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அந்த வரலாற்று நிகழ்வைப் 'பெருவலசை' என்றே சொல்லலாம். புகழ்ச்சியும் இகழ்ச்சியும் அதில் ஏறவில்லை.

வலசை என்பது போக்கின் பெயர். சாரை சாரையாகச் சென்ற வண்டிகளின் பெயர் வேறாக வேண்டும். ஜெர்மன் மொழியில் இந்த வேறுபாடு மிக முக்கியம். 1945இன் குளிர்காலத்தில் கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து குதிரைவண்டிகளில் உறைந்த கடற்கழியின் மேல் தப்பியோடிய அகதிகளின் வரிசையை அவர்கள் 'டிரெக்' என்றுதான் குறிக்கிறார்கள். இதற்கு நேரான சொல் சங்கப் பாடல்களில் இருக்கிறது. பறம்பை இழந்த பாரிமகளிர் குப்பைமேட்டில் ஏறி நின்று உப்பு வணிகரான உமணரின் வண்டிகளை எண்ணுவதை 'உமணர் உப்பொய் ஒழுகை எண்ணுப மாதோ' என்று கபிலர் பாடுகிறார். ஒழுகை என்றால் வண்டிகளின் வரிசை. 'வார்தல் போகல் ஒழுகல் மூன்றும் நேர்பும் நெடுமையும் செய்யும் பொருள' என்பது தொல்காப்பிய உரியியல். நேராக நீண்டு செல்வது என்னும் பொருள் வேரிலேயே இருக்கிறது. அந்த உமணர்கள் பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன நேருமோ என்று அஞ்சி வண்டியின் கீழ்மரத்தில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதை ஔவையார் புறநானூற்றில் சொல்கிறார். தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலைச்சரிவில் பின்சக்கரங்களைக் கழற்றி, அந்த இடத்தில் மரக்கிளைகளைக் கட்டி, வண்டிகளை உராயவிட்டு இறக்கிய போயர்களின் கவலையும் அதுதான்.

'ஒழுகை' என்றால் இன்றைய வாசகருக்குக் கூரை ஒழுகுவதுதான் நினைவுக்கு வரும் என்பது நியாயமான தடை. தனிச்சொல்லாக விடாமல் 'வண்டியொழுகை' என்று சேர்த்துச் சொன்னால் அந்த மயக்கம் தீர்ந்துவிடும். இதை ஒட்டி வரும் துணைச்சொற்களுக்குப் புதிதாக எதையும் ஆக்கத் தேவையில்லை. மாடுகளை நுகத்தில் சேர்ப்பதற்கும் விடுவிப்பதற்கும் போயர்களிடம் தனித்தனிச் சொற்கள் உண்டு. நம் வண்டிக்காரர்கள் பூட்டுவதும் அவிழ்ப்பதும் அவையே. அவிழ்த்துத் தங்கும் இடம் வண்டிப்பேட்டை.

இனி நம் காலத்துக்குரிய பொருளுக்கு வருகிறேன். இமயமலை அடிவாரங்களில் நாள்கணக்கில் நடப்பதற்கு இந்தச் சொல் நிலைபெற்றது, கூர்க்காப் படை அதிகாரியாக இருந்த ஜிம்மி ராபர்ட்ஸ் 1964இல் காட்மாண்டுவில் அதற்கென ஒரு நிறுவனம் தொடங்கிய பிறகுதான். மாடும் வண்டியும் போய், நடையும் இடையிடையே தங்கலும் மட்டும் எஞ்சின. சிகரத்தை அடைவது இதன் நோக்கமன்று; கணவாய்களையும் ஊர்களையும் கடந்து போவதே நோக்கம். நேபாளியில் இதைப் 'பதயாத்ரா' என்கிறார்கள். தமிழில் பாதயாத்திரை பழனிக்கும் அரசியல் மேடைக்கும் உரியதாகிவிட்டதால் அது நமக்கு உதவாது.

'மலையேற்றம்' ஏன் போதாது என்பதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். 'மலையேற்றப் பயிற்சிக்குச் சென்றவர்கள்' என்றுதான் செய்திகள் பலவற்றிலும் படித்தோம். அவர்கள் கயிறும் ஆணியும் கொண்டு பாறையேறப் பயின்றவர்கள் அல்லர். காட்டுவழியில் நடந்து வந்தவர்கள். அவர்கள் செய்ததற்குச் சொல் இல்லாமையால் செய்யாத ஒன்று அவர்கள்மேல் ஏறியது. 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களுடன் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டமும் மலையேற்றம் என்ற பெயரையே தாங்கியிருக்கிறது. எவரெஸ்ட்டில் ஏறுவதற்கும் ஒரு நாள் காட்டுநடைக்கும் ஒரே சொல் என்றால், இரண்டின் ஆபத்தையும் ஆயத்தத்தையும் எப்படிப் பிரித்துச் சொல்வோம்?

என் பரிந்துரை 'வழிநடை'. வழிநடைச் சிந்து என்ற இலக்கிய வகை அலுப்புத் தெரியாமல் நெடுந்தொலைவு நடப்பதற்கென்றே பாடப்பட்டது. சொல்லில் நடையும் இருக்கிறது, களைப்பும் இருக்கிறது. சங்க இலக்கியத்தின் 'செலவு' இதைவிட அழகானதுதான். தலைவன் பயணத்தைத் தள்ளிப்போடுவதைச் செலவழுங்கல் என்று சொன்ன மொழி நம்முடையது. ஆனால் 'அருஞ்செலவு' என்று எழுதினால் இன்று எவரும் பணத்தைத்தான் நினைப்பார்கள். மலைவழி நடைக்குத் தமிழில் முன்னோடி இல்லை என்றும் யாரும் சொல்ல வேண்டாம். சங்க நூலான மலைபடுகடாம், நன்னன் என்ற மன்னனைக் காணச் செல்லும் கூத்தருக்கு வழியின் அளவையும் தங்குமிடங்களையும் கூறி, காட்டுப்பன்றிக்கு வைத்த பொறிகளைப் பார்த்து நடக்கவும், தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட வீசும் கவண்கல்லுக்கு ஒதுங்கிச் செல்லவும், பாசி படர்ந்து வழுக்கும் இடத்தில் கொடியைப் பற்றிக்கொள்ளவும், இரவில் குகையில் தங்கவும் அறிவுறுத்துகிறது. இன்றைய வழித்துணைக் கையேடுகள் சொல்வதும் இதையே.

ஆகவே சிகரமேறுதலுக்கு மலையேற்றம் இருக்கட்டும். இதற்கு வழிநடை, நடப்பவருக்கு வழிநடையர், தடத்துக்கு நடைவழி, ஒரு பகலில் கடக்கும் தொலைவுக்கு நாள்நடை. 'வழிநடத்து' என்ற வினையோடு குழம்பும் என்று ஓர் அன்பர் முன்பு எழுதியிருந்தார். வழிநடந்தார் என்பது தன்வினை, வழிநடத்தினார் என்பது பிறவினை. நடப்பவர் வழிநடையர் என்றால், முன்னே சென்று பாதை காட்டும் பழங்குடித் துணைவரை வழிநடத்துநர் என்று சொல்ல இந்த இணை நமக்கு இடந்தருகிறது.