பட்டியலில் பெயர் வந்தாலே திருடியா?

இரவுப்பணி அக்கா:
அமெரிக்காவில் ஐசியூ நர்ஸாக இருக்கிறேன். எங்கள் மருத்துவமனையில் ஃபென்டனில், ஆக்ஸிகோடோன் போன்ற போதை தரும் வலி மருந்துகளை யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று ஒரு மென்பொருள் மாதாமாதம் பட்டியல் போடுகிறது. போன மாதம் என்னுடன் வேலை செய்யும் பெண்ணின் பெயர் மேலே வந்துவிட்டது. விசாரணை முடியும்வரை வராதே என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வென்டிலேட்டர் நோயாளிகளாகப் பார்த்து அவளிடம் தள்ளினால் அவள்தானே அதிகம் எடுப்பாள்?

மருந்தறை மணி:
அக்கா, வெறும் எண்ணிக்கையைப் பார்ப்பது மட்டமான மென்பொருள். நல்லது வேறு விஷயங்களைப் பார்க்கும். மருந்து வைத்திருக்கும் மெஷினில் விரல்ரேகை வைத்து 100 மைக்ரோகிராம் குப்பி எடுக்கிறீர்கள், டாக்டர் எழுதியது 50. மீதியை இன்னொரு நர்ஸ் முன்னால் கொட்டிப் பதிய வேண்டும். பதிந்திருக்கிறதா? சாட்சி எப்போதும் ஒரே ஆளா? டிஸ்சார்ஜ் ஆகிப் போனவர் பெயரில் எடுத்திருக்கிறார்களா? பாஸ்டன் மாஸசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் இரண்டு நர்ஸுகள் மெஷினிலிருந்தே ஏறக்குறைய 16,000 மாத்திரைகள் திருடினார்கள். அதற்காக 2015இல் மருத்துவமனை அரசுக்கு 23 லட்சம் டாலர் கட்டியது. யாராவது கணக்கைச் சேர்த்துப் பார்த்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்குமா?

கணக்குப்புலி:
ஒரு பேச்சுக்கு, 2000 ஊழியர்களில் 10 பேர் திருடுகிறார்கள் என்று வைப்போம். மென்பொருள் அதில் 9 பேரைப் பிடிக்கிறது, நல்லவர்களில் 100க்கு 5 பேரைத் தவறாகக் காட்டுகிறது. பட்டியலில் 109 பேர் வருவார்கள். 100 பேர் அப்பாவிகள்! அதை வைத்து ஆளை வீட்டுக்கு அனுப்புவது அநியாயம். யாரை உட்கார்ந்து பார்க்கலாம் என்று சொல்லத்தான் அது லாயக்கு.

இரவுப்பணி அக்கா:
சாட்சியா? ராத்திரி மூன்று மணிக்கு நாலு அலாரம் அடிக்கும்போது "ஒரு விரல் வை" என்று கூப்பிட்டால் வைத்துவிட்டு ஓடுவோம். சிரிஞ்சை யார் பார்த்தார்கள்? நியூ ஹாம்ப்ஷயர் எக்ஸிடர் மருத்துவமனை கதை தெரியுமா? 2012இல் வெளியே வந்தது. நர்ஸுகள் எடுத்து வைத்த ஃபென்டனில் சிரிஞ்சை ஒரு டெக்னீஷியன் திருடித் தனக்குப் போட்டுக்கொண்டு, அதே சிரிஞ்சில் உப்புநீர் நிரப்பி வைத்திருக்கிறான். அவனுக்கு ஹெபடைடிஸ் சி, ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் நோய். அந்த மாநிலத்தில் மட்டும் 32 நோயாளிகளுக்குத் தொற்றியது. மெஷினில் இருந்தது நர்ஸ் பெயர்தான், அவன் பெயர் இல்லை. உங்கள் மென்பொருள் யாரைப் பிடித்திருக்கும் மணி?

மருந்தறை மணி:
அவனைப் பிடித்திருக்காது, சரி. ஆனால் முந்தைய மருத்துவமனைகள் வேலையை விட்டு அனுப்பியும் அடுத்த இடத்துக்கு விஷயம் போகவில்லை, ஓட்டை அங்கே இருக்கிறது. மீதி மருந்தைக் கொட்டாமல் திருப்பி வாங்கி ரிஃப்ராக்டோமீட்டரில் (திரவத்தில் ஒளி வளைவதை அளக்கும் கருவி) வைத்தால் உப்புநீர் தெரிந்துவிடும். யாருடையதை அளக்க வேண்டும் என்று சொல்லவும் பட்டியல் வேண்டுமே? நோயாளி வலியில் துடித்துக்கொண்டு கிடக்க, நர்ஸ் மனசு நோகுமே என்று சும்மா இருக்க முடியாது.

கணக்குப்புலி:
நோகும் என்பதல்ல பிரச்சினை. ஒரே வார்டு, ஒரே ஷிஃப்ட், ஒரே மாதிரி நோயாளிகள் என்று வைத்து ஒப்பிட்டார்களா? அதை முதலில் கேளுங்கள் அக்கா.

இரவுப்பணி அக்கா:
கேட்டேன். மருத்துவமனை முழுக்க ஒரே பட்டியலாம். இன்னொன்றும் கேட்டேன்: மயக்க மருந்து டாக்டர்கள் பெயர் ஏன் ஒரு தடவைகூட வரவில்லை? ஆபரேஷன் தியேட்டர் கணக்கை இன்னும் இதில் சேர்க்கவில்லையாம்.