விக்டோரியா மாதிரி ஒரே ஷாட்ல கொடைக்கானல்ல எடுக்க முடியுமா?

மூஞ்சிக்கல்காரன்:
நான் இங்க கல்யாண வீடியோ எடுக்கறேன், இப்ப பசங்களோட சேந்து 15 நிமிஷ குறும்படம் ஒண்ணு ப்ளான், ஏழு ரோடு சந்திப்புல ஆரம்பிச்சு டீக்கடைக்குள்ள போயி முடியும், நடுவுல கட்டே கிடையாது. எல்லாம் முழுக்க ஒரே ஷாட்ல எடுத்த விக்டோரியாங்கற ஜெர்மன் படத்த பாத்ததுல வந்த வினை. அந்த நார்வே கேமராமேன் ஸ்டுர்லா ப்ராண்ட் க்ரோவ்லென் 138 நிமிஷம் கேமராவ தூக்கிட்டு பெர்லின்ல கிளப், மொட்டமாடி, கார், ஹோட்டல்னு ஓடியிருக்காரு. அவர் படத்துல வேற எதப் பாக்கலாம்? பனிமூட்டத்துல எடுத்த அனுபவம் இருக்கவங்களும் சொல்லுங்க.

ஐரிஸ்ராஜா:
தம்பி, ஓடுனத மட்டும் பாக்காத. முழுப்படத்தையும் மூணு தடவ எடுத்து மூணாவதத்தான் வச்சாங்க. கையில இருந்தது கேனான் சி300, டாக்குமெண்டரி ஆளுங்க வச்சிருக்கற சைஸ். விடியக்கால நாலரை வாக்குல ஆரம்பிச்சு முடியறப்போ நல்லா வெளுத்துருச்சு, அந்த நேரத்த புடிச்சதுலயே பாதி லைட்டிங் முடிஞ்சுது. 2015 பெர்லின் விழாவுல ஒளிப்பதிவுக்கு வெள்ளிக் கரடி விருதும் வாங்குனாரு. கடைசி டைட்டில்ல டைரக்டருக்கு முன்னாடி அவர் பேருதான் வரும், இங்க யாராச்சும் விடுவாங்களா சொல்லு.

மேல்மலைக்காரி:
எனக்கென்னவோ அவரே எடுத்த 'ராம்ஸ்' படந்தான் நம்ம ஊருக்கு ஆகும். அதுவும் 2015தான், ஐஸ்லாந்து படம், ஆடு வளக்கற அண்ணன் தம்பி பக்கத்து பக்கத்துல இருந்துட்டே 40 வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. அதுல பெரும்பாலும் கேமரா அமைதியா நிக்கும், மனுஷன் சின்னதா, மலை பெருசா. மன்னவனூர் ஆட்டுப்பண்ணை பக்கம் போனா எனக்கு அந்த ஃப்ரேம்தான் ஞாபகம் வரும். அப்புறம் ஆஸ்கார் வாங்குன டென்மார்க் படம் அனதர் ரவுண்ட், 2020, அதுல மறுபடி கையில தூக்கிட்டாரு, வாத்தியாருங்க குடிக்க குடிக்க கேமராவும் கூடவே தள்ளாடும். ஒரே ஆளுதாங்க மூணும். ஒரே ஷாட்டுங்கற வீம்பு உங்க கதைக்கு வேணுமான்னு மொதல்ல பாருங்க.

ஃபோகஸ்புல்லர்:
டீக்கடைக்குள்ள நுழையறதுலதான் கண்டம். வெளிய குளிர்ல கெடந்த லென்ஸ் பால் கொதிக்கற ஆவிக்குள்ள போனா பட்டுனு வேர்த்துரும், ஷாட் அம்போ. திருப்பிப் போடு, கடைக்குள்ள ஆரம்பிச்சு ரோட்டுக்கு வா. ஆட்டோ ஃபோகஸ் வேணாம், மூட்டத்துல எதப் புடிக்கறதுன்னு தெரியாம அலையும். ஸ்பேர் பேட்டரிய ஸ்வெட்டருக்குள்ள வச்சுக்க, குளிர்ல சீக்கிரம் எறங்கிரும்.

மூஞ்சிக்கல்காரன்:
திருப்புனா கதையே மாறுதேண்ணே, ஆனா கதைல வர்ற பொண்ணு கெளம்பிப் போறதுல முடிச்சா இன்னும் நல்லாத்தான் இருக்கும் போல. கடைக்காரர் நாலரைக்கு தொறப்பாரான்னு கேட்டுட்டு வரேன்.