கோவிட் ஆன்டிஜென் டெஸ்ட் நெகட்டிவ், ஆனால் அறிகுறி அத்தனையும் இருக்கிறது. திருச்சியில் ஆர்டிபிசிஆர் எங்கே?

கணவருக்குச் செவ்வாய் இரவு முதல் காய்ச்சல், தொண்டை வலி, வறட்டு இருமல். நேற்றிலிருந்து காப்பி வாசனைகூடத் தெரியவில்லை.

மருந்துக்கடையில் வாங்கிய கோவிட் ஆன்டிஜென் கிட்டில் புதன் காலையும் வெள்ளி காலையும் பார்த்தோம். சி பக்கம் (கிட் வேலை செய்கிறது என்று காட்டுவது) மட்டும் கோடு. தொற்று இருந்தால் கோடு வரவேண்டிய டி பக்கம், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தும் மங்கலாகக்கூட எதுவும் இல்லை. காலாவதி தேதி சரி. இரண்டு மூக்கிலும் குச்சியை நன்றாகச் சுழற்றித்தான் எடுத்தோம்.

வைரஸ் அளவு குறைவாக இருந்தால் இந்த டெஸ்ட் தொற்றைத் தவறவிடும். அறிகுறி இருந்தும் நெகட்டிவ் வந்தால் குறைந்த அளவு வைரஸையும் கண்டுபிடிக்கும் லேப் டெஸ்டான ஆர்டிபிசிஆர் எடுக்கச் சொன்னது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்). ஆனால் விசாரித்த லேப்களில் இப்போது எடுப்பதில்லையாம்.

மாமியாருக்குத் திங்கட்கிழமை கீமோ. இருவரையும் கீழும் மாடியுமாகப் பிரித்துவிட்டோம், இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

ஞாயிறுக்குள் ரிசல்ட் கிடைக்கும்படி திருச்சியில் ஆர்டிபிசிஆர் எங்கே எடுக்கிறார்கள்?