காய்ச்சல் கண்ட முதல் இரண்டு நாட்கள்: வைரஸ் எதிர்ப்பு மருந்தை உடனே தொடங்கலாமா?

சாட்ஸ்வர்த் மகள்:
அனைவருக்கும் வணக்கம். சென்ற குளிர்காலத்தில், சர்க்கரையும் ஆஸ்துமாவும் உள்ள 72 வயதான என் அம்மாவுக்கு ஒரு சனிக்கிழமை மாலை நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டது. செவ்வாய்க்கிழமைதான் மருத்துவரைப் பார்க்க முடிந்தது. பரிசோதனை முடிவு வரட்டும் என்றார்கள். இன்ஃபுளுவென்சா (ஃப்ளூ) என்று வியாழக்கிழமை முடிவு வந்தபோது, அம்மா மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கட்டிலில் கிடந்தார். வைரஸ் மிக வேகமாகப் பெருகுவது தொடக்க நாட்களில்தான். ஃப்ளூ வைரஸை எதிர்க்கும் ஒசெல்டாமிவிர் மாத்திரையை 48 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதும் அதனால்தான். முதியவர்கள், கர்ப்பிணிகள், இதய நோயோ நுரையீரல் நோயோ எச்.ஐ.வி. தொற்றோ உள்ளவர்கள் ஆகியோருக்கு, ஃப்ளூ பரவும் மாதங்களில், முடிவுக்காகக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ஃபீனிக்ஸ் மருந்தாளர்:
தங்கச்சி, உங்கள் அம்மா பட்ட பாடு மனத்தை வருத்துகிறது. ஆனாலும் உங்கள் முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, பெரியவர்களுக்கு ஒசெல்டாமிவிர் நோய்க்குறிகளை 7 நாட்களிலிருந்து 6.3 நாட்களாகக் குறைத்தது. மருத்துவமனையில் சேர்வதைக் குறைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. குமட்டலும் வாந்தியும் கூடின. உலக சுகாதார அமைப்பு 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், கடுமையாகாத ஃப்ளூவுக்கு ஒசெல்டாமிவிரைப் பரிந்துரைக்கவில்லை. இதைவிடப் பெரிய கவலை ஒன்று எனக்குண்டு. நம் தென்னாப்பிரிக்காவில் இருமலும் காய்ச்சலும் காசநோயாகவும் இருக்கலாம், பாக்டீரியா நிமோனியாவாகவும் இருக்கலாம். ஃப்ளூ மாத்திரை கொடுத்தாயிற்று என்ற நிம்மதியில் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால், அந்த இழப்பை யார் ஈடுசெய்வது?

சாட்ஸ்வர்த் மகள்:
அண்ணா, சளியை எடுத்து அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அனுப்பிவிட்டு, அன்றே மாத்திரையையும் கொடுங்கள் என்கிறேன். நீங்கள் சொன்ன ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் வேறு நோயில்லாதவர்கள். அவர்களில் மருத்துவமனைக்குப் போனவர்களே மிகச் சிலர் என்னும்போது, என் அம்மாவைப் போன்றவர்களுக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? அதே 2024 வழிகாட்டுதல், நோய் முற்றும் ஆபத்து மிகுந்தவர்களுக்கு பலோக்சாவிர் என்ற மருந்தை நிபந்தனையோடு பரிந்துரைக்கிறது. ஆகவே எந்த மருந்து என்பதில்தான் கருத்து வேறுபாடு. முந்திக்கொள்ள வேண்டும் என்பதில் இல்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆசிரியர்:
கோவிட் அனுபவம் இருவர் பக்கமும் பேசுகிறது. தடுப்பூசி போடாத, ஆபத்து மிகுந்த நோயாளிகளுக்கு மூன்று நாட்களுக்குள் பாக்ஸ்லோவிட் என்ற கோவிட் மாத்திரையைத் தொடங்கியபோது, மருத்துவமனைச் சேர்க்கையும் இறப்பும் 89 சதவீதம் குறைந்தன என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. தடுப்பூசி போட்டவர்களையும் சேர்த்துக்கொண்ட பிந்தைய ஆய்விலோ தெளிவான பலன் தெரியவில்லை. இன்னொன்று: பாக்ஸ்லோவிட்டில் உள்ள ரிடோனாவிர், எச்.ஐ.வி. சிகிச்சையால் நம் ஊரில் பலரும் அறிந்த மருந்து. கொழுப்புக்கு என் அப்பா இரவில் விழுங்கும் சிம்வாஸ்டாடினோடு அது சேர்ந்தால் தசைகள் சிதைந்து சிறுநீரகமே பழுதாகலாம். அப்பாவின் துணிப்பையைக் கட்டிலில் கொட்டிப் பார்த்தேன். ஏழு வகை மாத்திரைகள், இரண்டு அட்டைகளில் பெயரே அழிந்திருந்தது.

ஃபீனிக்ஸ் மருந்தாளர்:
நான் அஞ்சுவதும் அதைத்தான் ஐயா. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு ஒசெல்டாமிவிரின் அளவையும் குறைக்க வேண்டும். மாத்திரைப் பட்டியலும் சிறுநீரகப் பரிசோதனை எண்ணும் கையில் இருந்தால், தங்கச்சி சொல்வதுபோல் முதல் நாளே தொடங்குவதை நான் எதிர்க்க மாட்டேன். பக்கத்து வீட்டில் மிஞ்சிய மாத்திரையை வாங்கிக் கொடுப்பதை எப்போதும் எதிர்ப்பேன்.

சாட்ஸ்வர்த் மகள்:
அதை நானும் ஏற்கிறேன் அண்ணா. அம்மாவின் மாத்திரைகளை ஓர் அட்டையில் எழுதி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டேன். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எண்ணுக்கான இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. திங்கட்கிழமை இரத்தம் கொடுக்க அழைத்துப் போகிறேன், ஃப்ளூ தடுப்பூசியையும் அன்றே கேட்கப் போகிறேன்.