புதுப்பிப்பு: மாமனாரின் தந்த எலி

சுருண்டு படுத்த எலி, கட்டைவிரல் அளவு, ஜப்பானிய நெட்சுகே, அதாவது கயிற்றில் கோத்து இடுப்பில் அணியும் குட்டிச் சிற்பம். யானைத் தந்தமா, எலும்பா என்று போன மாதம் கேட்டிருந்தேன். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொன்னார் ஒருவர். மனசு வரவில்லை, செய்யவில்லை.

பத்து மடங்கு லென்ஸில் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். எலும்பாக இருந்தால் பொடிப்பொடிக் கரும்புள்ளிகள் தெரியும். இதில் ஒன்றுகூட இல்லை. மாறாக, வலை பின்னியதுபோல் குறுக்குக் கோடுகள். தந்தத்தில் தெரியும் இவற்றுக்கு ஷ்ரேகர் கோடுகள் என்று பெயர். தந்தத்தின் வெளிவிளிம்பில் அவை வெட்டிக்கொள்ளும் கோணம் 115 பாகைக்கு மேல் போனால் யானை, 90க்குக் கீழே என்றால் மாமத், அழிந்துபோன ரோம யானை. இங்கே நன்றாக விரிந்த கோணம். ஆக, யானைதான்.

வயிற்றில் இரண்டு துளைகள், ஒன்று சற்றுப் பெரிது. கயிற்றின் முடிச்சு உள்ளே ஒளிய அந்த ஏற்பாடு. கிமோனோ என்ற ஜப்பானிய அங்கியில் பையெல்லாம் கிடையாதே, புகையிலைப் பையை இடுப்புக் கச்சையில் தொங்கவிட இதுதான் பிடிப்பு. பெரிய துளையின் ஓரம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது. யாரோ நிஜமாகவே அணிந்திருக்கிறார்கள்!

அப்புறம், விலை கேட்டவர்களுக்கு: சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 1 முதல் யானைத் தந்தம் விற்கத் தடை. வைத்துக்கொள்ளலாம். எலி அலமாரியிலேயே தூங்கட்டும்.