கட்டிங் டைகளை அடுக்கிவைக்கச் செலவில்லாத வழி சொல்லுங்களேன்

பேப்பர் கிராஃப்ட் பண்றவங்க கொஞ்சம் கை கொடுங்க. என்கிட்ட காகிதத்தைப் பூ, இலைன்னு வடிவமா வெட்டுற மெல்லிசான உலோக டைகள் (அச்சுகள்) நூறைத் தாண்டிடுச்சு. வாங்கின கவரோடயே ஷூ பெட்டியில் போட்டு வச்சேன். கூரான ஓரம் குத்தி கவரெல்லாம் கிழிஞ்சு, குட்டி இலையும் பூவும் அடியில் கொட்டிக் கிடக்கு. நேத்து ஒரு பட்டாம்பூச்சியைத் தேடியே அரை மணி நேரம் பறந்துபோச்சு!

மேக்னட் ஷீட்தான் சரின்னு தெரியும். ஆனா இத்தனைக்கும் வாங்கக் கட்டுப்படியாகாது. இலவசமா வந்த விளம்பர மேக்னட்டுகளை அட்டையில் ஒட்டி, பழைய சிடி கவரில் செருகிப் பார்த்தேன். சின்ன டை நல்லா ஒட்டுது, பெரிய ஃப்ரேம் டை நழுவி விழுது. இதுக்கு என்ன செய்றீங்க?

செட்டா வந்ததைப் பிரிச்சு வடிவவாரியா வைக்கலாமா? எனக்கென்னவோ மனசே வரலை. துரு பிடிக்காம இருக்க சிலிக்கா ஜெல் பொட்டலம் போதுமா? உங்க டப்பா போட்டோ இருந்தா போடுங்க, ப்ளீஸ்.