பொருள்: மறு: ‘டிரான்ஸ்ஃபர்’ – நாடகக் கலைச்சொல்

> ஓர் அரங்கில் ஓடிக்கொண்டிருக்கும் நாடகத்தை வேறு அரங்குக்குக் கொண்டுபோவதை ‘மறுமேடையேற்றம்’ என்று குறித்தால் என்ன?

வணக்கம் ஐயா.

அது ‘ரிவைவல்’ ஆகிவிடும். ஓட்டம் முடிந்தபின் புதிதாக ஒத்திகை பார்த்து ஏற்றுவதே மறுமேடையேற்றம். இங்கே தயாரிப்பு ஒன்றேதான். அரங்கு மட்டுமே மாறுகிறது. ‘இடமாற்றம்’ அரசாணை வாடை அடிக்கிறது. ‘அரங்கு மாற்றம்’ என்றால் காட்சிக்குக் காட்சி அரங்கப் பொருள்களை மாற்றுவதாக நினைப்பார்கள். என் பரிந்துரை: அரங்கப் பெயர்ச்சி.

சாமுவேல் பெக்கெட்டின் ‘கோடோ’ (‘வெயிட்டிங் ஃபார் கோடோ’) நாடகத்தில் வைத்துப் பார்க்கலாம். பிரெஞ்சு மூலம் 1953 ஜனவரி 5 அன்று பாரிஸின் பாபிலோன் அரங்கில் ஏறியது. அவரே செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1955 ஆகஸ்ட் 3 அன்று, பீட்டர் ஹால் இயக்கத்தில், லண்டன் ஆர்ட்ஸ் தியேட்டரில். செப்டம்பரில் லண்டனின் கிரைடீரியன் அரங்குக்குப் பெயர்ந்தது. முக்கியப் பாத்திரமான விளாடிமிராக நடித்தவர் மாறினார்; ஆனாலும் அது பெயர்ச்சிதான்.

பெயர்ச்சியில் பனுவலும் மாறியது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஆர்ட்ஸ், அப்போது உறுப்பினர்களுக்கு மட்டுமான சங்க அரங்கு. தணிக்கை உரிமம் தேவைப்படவில்லை. கிரைடீரியன் பொது அரங்கு. அன்று நாடகங்களைத் தணிக்கை செய்த லார்டு சேம்பர்லின் அலுவலகத்தின் உரிமம் இல்லாமல் அங்கே திரை தூக்க முடிந்திருக்காது. ஆகவே சில வரிகளில் கத்தரி விழுந்தது. லண்டன் பதிப்பகமான ஃபேபர் 1956இல் அச்சிட்டது இந்தக் கிரைடீரியன் பனுவலை. 1954இல் அமெரிக்காவில் குரோவ் பதிப்பகம் வெளியிட்டதில் வெட்டு இல்லை. லண்டன் மேடை வெட்டில்லாப் பனுவலைக் கேட்க 1964 டிசம்பர் வரை, ராயல் கோர்ட் தயாரிப்பு வரை, ஆனது.

தமிழாக்கம் செய்வோர் பழைய ஃபேபர் பிரதி கிடைத்தால் லக்கி என்ற பாத்திரத்தின் நீண்ட பேச்சைப் புரட்டிப் பாருங்கள். ‘ஃபார்டோவ்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘பொப்போவ்’ இருந்தால் அது வெட்டுப்பட்ட பனுவல்.

———

> அரங்கப் பெயர்ச்சி

சனிப் பெயர்ச்சி பலன் கேட்பது போல இருக்கிறதே, அம்மா! சரி, பொருள் பொருந்துகிறது என்பதையும் மறுக்கவில்லை: கிரகம் அதேதான், ராசிதான் வேறு. ஆனால் அமெரிக்காவின் மயாமியில் ‘கோடோ’ ஏறியதே? 1956 ஜனவரியில் ஆலன் ஷ்னைடர் இயக்கி அங்கே ஏறியது, ஏப்ரலில் நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்கு வந்தது. அதுவும் பெயர்ச்சியா?

———

இல்லை. பிராட்வேயில் இயக்கியவர் ஹெர்பர்ட் பெர்கோஃப். எஸ்ட்ரகானாக நடித்த பெர்ட் லார் தொடர்ந்தார். விளாடிமிர், போட்ஸோ, லக்கி மூவரும் வேறு நடிகர்கள். அது புதுத் தயாரிப்பு. 1957 ஜனவரியில் அதே பெர்கோஃப் முழுக்கக் கறுப்பின நடிகர்களைக் கொண்டு பிராட்வேயில் மீண்டும் ஏற்றினார். இயக்குநர் ஒருவரே என்றாலும் ஓட்டம் இடையில் நின்றுவிட்டது, நடிகர்களும் வேறு, எனவே மறுமேடையேற்றம்.

கலைச்சொல் பதிவில் இப்படி இடலாமா: ‘அரங்கப் பெயர்ச்சி – ஒரு தயாரிப்பு, இயக்கமும் பெரும்பாலான நடிகர்களும் மாறாமல், வேறு அரங்கில் ஓட்டத்தைத் தொடர்வது. வினை: பெயர்தல்.’ பனுவல் மாறியிருந்தால் தனிக் குறிப்பு கட்டாயம் என்றும் சேர்க்க வேண்டும்.